மூன்று புள்ளி ஐந்து

வினோலியாவை யாராவது ஒரு வார்த்தை கடிந்து பேசிவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான். உவரிக் கடற்கரையில் மீன்பிடி வள்ளக்காரர் வீட்டில் பிறந்து, நெல்லையில் படித்து, இப்போது பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். வயது முப்பதைத் தாண்டியும் அந்தக் குணம் மட்டும் போகவில்லை. எல்லா வினையும் அதில்தான் வந்தது.

கல்லூரி நாளில் அவள் எழுதி இணையத்தில் இலவசமாக விட்ட நிரல் தொகுப்பு ஒன்று இருக்கிறது. பெயர் சாளை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் செயலிக்குள் வைத்துக்கொள்ளலாம். தகவல் வந்து சேரும்வரை செயலி வாயைப் பிளந்துகொண்டு நிற்காது. சாளை பின்னால் போய் எடுத்துவரும், அதுவரை மற்ற வேலை நடக்கும். இதற்கு நன்றி சொல்ல ஒருத்தன் வந்தால் நொட்டை சொல்லப் பத்துப் பேர் வருவார்கள்.

புதுப் பதிப்புக்கு எண் வைப்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதல் எண் மாறினால், பழைய பழக்கம் மாறியிருக்கிறது, பார்த்து ஏற்று என்று அர்த்தம். புள்ளிக்குப் பின்னால் உள்ளது மட்டும் மாறினால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம். போன மாதம் அவள் ஒரு பழக்கத்தையே மாற்றினாள். முன்பெல்லாம் சிக்னல் இல்லையென்றால் சாளை ‘தகவல் வரவில்லை’ என்று சொல்லிவிடும். இப்போது கடைசியாக வந்த பழைய தகவலையே எடுத்து நீட்டிவிடும். நியாயமாகப் பார்த்தால் அது நான்காம் பதிப்பு. ஆனால் நான்கு என்று போட்டால், ‘இப்பத்தானே மாத்துனே, மறுபடியுமா?’ என்று ஊர்ப்பட்ட பேர் ஏசுவார்கள். மூன்று புள்ளி ஐந்து என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டாள், அடிப்பாவி!

அவளுடைய சித்தி மகன் ஜோன்ஸ், உவரி வள்ளக்காரர்களுக்காகக் காற்று பார்க்கிற செயலி ஒன்று செய்து கொடுத்திருந்தான். உள்ளே ஓடுவது சாளை. அவள் போடுகிற பதிப்பில் என்ன மாறியிருக்கிறது என்று அவன் ஒருநாளும் வாசித்ததில்லை. வந்தவுடனே ஏற்றிவிடுவான். அக்காதானே!

அந்தச் செயலியை நம்பி வள்ளம் எடுக்கிறவர்களில் ஒருவர் வினோலியாவின் சொந்தக்காரர் லியோன் மாமா. அவர் கடலுக்குக் கிளம்பிய அன்று கரையில் சிக்னல் செத்துக் கிடந்தது. செயலி முந்தாநாள் காற்றைக் காட்டியது, சாதுவான காற்று. வள்ளம் உள்ளே போனபிறகு மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக எழும்பி அதைக் கவிழ்த்துவிட்டது. இன்னொரு வள்ளத்தார் அவரைத் தூக்கிவந்தார்கள். உயிர் தப்பியது, தோள் முறிந்துவிட்டது.

பழைய காற்றைக் காட்டியிருக்கிறது என்று ஜோன்ஸ் போனில் சொன்னபோதே வினோலியாவுக்கு விளங்கிவிட்டது. மாமாவைச் சேர்த்திருந்த பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே அவர் மனைவி இஞ்ஞாசியம்மாள் ஜோன்ஸைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

“ஏலே, ஒன் செயலியப் பாத்துத்தானல இவுக கடலுக்குப் போனாவ!”

“என் தப்புதான் மாமி. நாந்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்” என்றான் அவன், தலை குனிந்தபடி.

வாசலோடு திரும்பிவிடலாமா என்று வினோலியா ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கே அவளுக்கு உடம்பு கூசியது. உள்ளே போனாள்.

“அவன ஏசாதிய மாமி. தப்பு நான் செஞ்சது. பெரிய மாத்தத்தச் செஞ்சிட்டு, சின்ன மாத்தம்னு நம்பர் போட்டுட்டேன்.”

இஞ்ஞாசியம்மாளுக்கு நம்பரும் புரியவில்லை, மாற்றமும் புரியவில்லை. “பாத்தியாலே! ஒன்னயக் காப்பாத்த இந்தப் பிள்ள பழியத் தன் தலையில போடுதா” என்றாள்.

“இல்ல மாமி, நெசமாவே...”

“போதும் மக்கா.” அவள் வினோலியாவின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். கட்டிலில் கிடந்த லியோன் மாமாவும், “தங்கமான பிள்ள” என்றார்.

வினோலியாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. யாராவது தன்னைத் திட்டமாட்டார்களா என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஏங்கினாள்.

அவள் சொன்னது அந்த அறையில் ஒருத்தனுக்குத்தான் புரிந்திருந்தது. ஜோன்ஸ் அவளை வராண்டாவுக்குக் கூட்டிப்போனான்.

“நாலுன்னு போட்டிருந்தா நான் நின்னு பாத்திருப்பேனேக்கா.”

“எல்லாரும் ஏசுவாங்கன்னுதான்...”

ஜோன்ஸ் கோபப்படவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் பைய சொன்னான்:

“தப்பா நெனைக்காதக்கா. இனிமே நீ எதப் போட்டாலும் வாசிச்சுப் பாத்துட்டுத்தான் ஏத்துவேன்.”