பிள்ளையின் தாய் வரவில்லையா?

கிளினிக்கில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் பயிற்சியில் இருப்பவளுக்கு அது ஆகவே ஆகாது. பெரியவர்கள் வரும் நாட்களில் எப்படியோ அடக்கிக்கொள்வேன். பிள்ளைகள் கிளினிக்கில், தகப்பன் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் என்னால் அடக்க முடிவதில்லை. "புள்ளையோட அம்மா வரலையா?" என்று அவர் உட்காரும் முன்பே கேட்டுவிடுவேன்.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒருவர் இரண்டு பஸ் மாறி, பேச்சு வராத மகனைத் தோளில் போட்டுக்கொண்டு பதுளையில் எங்கள் கிளினிக்குக்கு வந்திருந்தார். "சம்சாரத்துக்குக் கொழுந்து வேலைங்க டாக்டர். லீவு குடுக்க மாட்டேங்குறாங்க," என்றார். "புள்ள எப்ப நடந்துச்சு, எப்ப பேசுச்சுன்னு அம்மாவுக்குத்தான் தெரியும். அடுத்த தடவை அவங்களக் கூட்டிட்டு வாங்க," என்று திருப்பி அனுப்பினேன். அவர் "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு வரவே இல்லை.

நான் ஸ்பிரிங்வெளி தோட்டத்து லயத்தில் பிறந்தவள். என் அம்மா என்னை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். தோட்டத்தில் ஒரு நாள் லீவு கேட்டு வாங்குவது என்ன பாடு என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் சொன்னேன். சொல்லிவிட்டு, ஏதோ நல்ல காரியம் செய்த திருப்தியில் டீ குடிக்கவும் போனேன். இப்போது நினைத்தால் அந்த டீதான் தொண்டையில் நிற்கிறது.

என் கணவர் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். எங்களுக்கு அப்போது இரண்டரை வயதில் ஒரு மகள். பதுளையில் ஒரு வாடகை வீடு. பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். பள்ளி விட்டு வந்ததும் கணவர் பார்த்துக்கொள்வார். என் முறை எப்போது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லப் பதில் தயாராக வைத்திருந்தேன்: வார்டு, கிளினிக், பரீட்சை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மகள் திரும்புவதில்லை என்று முதலில் சொன்னது அவர்தான். "என் தம்பியும் லேட்டாத்தான் பேசுனான்," என்றேன். சில வாரம் கழித்து மறுபடி சொன்னார். "நான் என்ன படிக்கிறேன்னு மறந்துட்டீங்களா? அப்படி ஏதாவது இருந்தா எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். அவர் விடவில்லை. "ஒரே ஒரு தடவ உக்காந்து பாரு. கிளினிக்ல வர்ற புள்ளயப் பாக்குற மாதிரி பாரு."

"எம்புள்ளையப் பேஷண்ட்டா ஆக்கப் பாக்குறீங்களா?" என்றேன். அத்தோடு அவர் வாயை மூடிக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயம். அவர் சொல்லும் முன்பே எனக்கு ஆட்டிசமோ என்ற சந்தேகம் இருந்தது. மற்றவர்கள் பிள்ளையில் ஒரே பார்வையில் பிடிபடுவதை என் பிள்ளையில் பார்க்காமலிருக்க ஒரே வழி, பிள்ளையைப் பார்க்காமலிருப்பது. அதனால் டியூட்டியை மாற்றிக்கொள்ள யாராவது கேட்டால் அவர்கள் பேசி முடிக்கவிடாமல் சரி என்றேன். வார்டில் எல்லோரும் என்னைக் கடும் உழைப்பாளி என்றார்கள். அந்தப் பாராட்டையும் கூச்சமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

போன ஐப்பசியில் ஒரு கிளினிக் நாள். விடாத மழை, வராந்தா முழுக்க நனைந்த குடைகள். தாதி அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். நான் தலை நிமிராமலே, "வாங்க, உக்காருங்க," என்றேன். எதிரில் உட்கார்ந்தது என் கணவர். மடியில் எங்கள் மகள். கையில் நம்பர் துண்டு. மற்ற அம்மாக்களோடு வரிசையில் நின்று எடுத்த துண்டு.

"என்னங்க இது?"

"புள்ள பேச மாட்டேங்குதுங்க டாக்டர். கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க மாட்டேங்குது," என்றார்.

வீட்டில் என்னை 'நீ, வா, போ' என்று பேசுகிறவர். கேலியாகச் சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பேன். கேலி துளியும் இல்லை. தோட்டத்து அப்பாக்கள் என்னிடம் எப்படிச் சொல்வார்களோ, அதே பணிவோடு சொன்னார்.

"வீட்டுல பேசிக்கலாம்," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வீட்டுல டாக்டருக்கு நேரம் கெடைக்கிறதில்லைங்க. அம்மா இல்லாமப் புள்ளையக் கொண்டாரக் கூடாதுன்னு திருப்பி அனுப்புறீங்களாம். அதான், அம்மா இருக்குற எடத்துக்கே கூட்டிட்டு வந்தேன்."

எங்கள் தாதிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அவர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கதவு திறந்திருந்தது, வெளியே பெஞ்சில் இருந்த அம்மாக்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கூனிக் குறுகிப் போனேன். மகள் மடியிலிருந்து இறங்கி, என்னைக் கடந்து போய், மேசையில் கிடந்த, பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டியை எடுத்து, ஒட்டுவதும் பிய்ப்பதுமாக நின்றாள். அந்தச் சர்ர்ர் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. என் பக்கம் ஒரு தடவையும் பார்க்கவில்லை.

அடுத்த மேசையில் இருந்த மேடம்தான் எனக்குப் பயிற்சி தரும் கன்சல்டன்ட். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் கணவரைத் தெரியும், நம்பர் துண்டையும் பார்த்துவிட்டார். எழுந்து வந்தார். "நீ அந்தப் பக்கம் போய் உட்கார். தாய் உட்காரும் இடத்தில்," என்று சிங்களத்தில் சொன்னார். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் நாற்காலி மாறினேன். மேடம் வழக்கமான கேள்விகளைத் தொடங்கினார். வார்த்தை ஏதாவது சொல்கிறாளா?

"'அம்மா' சொல்லுவாள்," என்றேன் உடனே. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்ததுபோல.

என் கணவர் தரையைப் பார்த்தார். மேடம் அதே கேள்வியை அவரிடம் கேட்டார். முன்பு சொன்னாள் என்று அவர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். இப்போது 'டாக்டர்' இல்லை, 'நீங்க'வும் இல்லை.

"பொங்கலுக்கு அப்புறம் அவ 'அம்மா' சொல்லவே இல்ல. நீயாக் கவனிப்பேன்னு பாத்தேன்."

பொங்கல் போய் ஒன்பது மாதம். இத்தனை மாதமும் யார் கேட்டாலும் "அம்மா மட்டும் சொல்றா" என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் பெருமையாகவும் இருந்திருக்கிறது. என் மகள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தியது எனக்குத் தெரியவில்லை.

மேடம் அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவரிடமே கேட்டார். எதற்குப் பயப்படுவாள்? குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். தாகமெடுத்தால்? அப்பாவின் விரலைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போவாள். எப்படித் தூங்குவாள்? ஒரு பாதம் சுவரில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூங்கமாட்டாள். எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தாயின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன எல்லாமே எனக்குப் புதிய செய்தி.