பொட்டுக்கு அடியில் சிவப்பு முக்கோணம்

பிலோமினா அக்கா செத்துப்போன செய்தி வந்தபோது நான் ஆலையில் ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி அவர் ஸ்கூட்டர் மேல் ஏறிவிட்டது. "அமைதியாகப் பிரிந்தார்" என்று தயவுசெய்து யாரும் போஸ்டர் அடிக்காதீர்கள். நான் போனபோது அவருடைய துண்டுத்தாள்கள் ரத்தத்தில் ஒட்டிக் கிடந்தன.

துறைமுகத்தில் அவருக்குச் சரக்குச் சரிபார்க்கும் வேலை. பூச்சிமருந்து வரும் நீல டிரம்கள் காலியானபின் எங்கே போகின்றன என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தார். அவை பழைய சாமான் விற்கும் காயலான் கடைக்குப் போயின. அங்கிருந்து எர்ணாவூர் வீடுகளுக்கு. லாரித் தண்ணீரை அதில்தான் பிடித்துக் குடித்தோம்.

நான் கெமிக்கல் இன்ஜினியர். அவர் கேட்டதால் அந்த டிரம்மின் ஆபத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். கிழித்துப் போட்டார். "இன்னா நைனா, பரீட்சையா எழுதிக்கினு கீற? சோப்பு போட்டா நாத்தம்தான் போவும், விஷம் போவாதுன்னு எழுது." அந்த ஒரு வரியைத்தான் பெரிய எழுத்தில் துண்டுத்தாளாக அச்சடித்து, தண்ணீர் லாரி வரிசையில் மாதாமாதம் கொடுத்தார்.

டிரம் விற்பனை படுத்தது. காயலான் கடைக்காரன் இரும்புக் கம்பியால் அக்காவின் வாயிலேயே அடித்தான். முன்பல் இரண்டு போச்சு. ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தார்: "அட்ச்சான்னா இன்னா அர்த்தம்? நம்ம தாளைப் பட்ச்சிட்டான்!"

அப்புறம் என் தங்கைக்கு வாந்தி, கை நடுக்கம். ஏதோ ஒத்துக்கவில்லை என்று நான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பார்க்க வந்த அக்கா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே குளியலறைக்குப் போனார். அங்கே புதிதாக வாங்கிய நீல டிரம். புதுப் பாத்திரம் என்றால் அம்மா மஞ்சள் குங்குமம் வைக்காமல் விடமாட்டாள். அக்கா பொட்டை நகத்தால் சுரண்டினார். அடியில் பாதி கிழிந்த லேபிள், விஷத்துக்குப் போடும் சிவப்பு முக்கோணம். நாற்றம் இல்லையே என்று அந்த டிரம்மை வாங்கி வந்தது நான். மூன்று பக்கம் எழுதிய அதே நான்.

பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்திலிருந்து அக்கா கடப்பாரையைக் கொண்டுவந்து டிரம்மில் ஒரே குத்து. வீடெல்லாம் தண்ணீர்.

"வூட்ல பூந்து தண்ணியைக் கொட்டுறியே, அறிவு கீதா உனுக்கு?" என்று அம்மா அவரை அறைந்தாள்.

"இன்னொண்ணு கூட அடிச்சுக்கோ. மொதல்ல பொண்ணத் தூக்கு," என்றார் அக்கா.

ஆஸ்பத்திரியில் "பூச்சிமருந்து" என்று அக்கா சொன்ன பிறகுதான் சரியான ஊசி போட்டார்கள். தங்கை பிழைத்தாள். மறுநாள் தண்ணீர் வரிசையில் அம்மாவே தாளை வைத்துக்கொண்டு கத்தினாள். அன்று எங்கள் தெருவில் ஒரு நீல டிரம்கூட முழுசாக மிஞ்சவில்லை.

அந்தக் கடப்பாரை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவருடையதாக என்னிடம் இருப்பது அதுவும், அடுத்த மாதத்துக்கு எழுத வேண்டிய துண்டுத்தாளும்தான். அடக்கம் முடிந்து திரும்பும்போது பார்த்தோம், அதே காயலான் கடை வாசலில் வரிசையாக நீல டிரம்கள். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

"நீ எழுதிக்கினே இரு," என்று அம்மா கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.