பேனருக்கு ஒரு படம்

கலியமூர்த்தி அண்ணன் இன்று காலை போய்விட்டார்... எங்கள் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். ஒன்றரை வருஷமாக டயாலிசிஸ்.

போன் செய்தது அவர் மகள். பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து. அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மேடம், அப்பா நல்லா இருந்தப்ப எடுத்த போட்டோ ஒண்ணு வேணும், பேனருக்கு. இப்ப எடுத்ததுலல்லாம் மூஞ்சி வீங்கிக் கெடக்குது. லாக்டவுன்ல அத்தன வீடியோ எடுத்தீங்கள்ல... அதுல இருப்பாருல்ல?"

பார்த்துச் சொல்கிறேன் என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

கொரோனா சமயம். எல்லா வகுப்பும் ஆன்லைனில் என்றாகிவிட்டது. தியரியை எப்படியோ ஒப்பேற்றலாம், பிராக்டிகலுக்கு எங்கே போவது? தெருவுக்குத் தகரம் அடித்துவிட்டார்கள், நான் கடலூரில் வீட்டுக்குள் கிடந்தேன். லேப் சிதம்பரத்தில் பூட்டிக் கிடந்தது.

சாவி அண்ணனிடம். "நா செய்யறேன், நீங்க வாயால சொல்லுங்க மேடம்" என்றார்.

குப்பத்திலிருந்து லேப்புக்கு மொபெட்டில் வருவார். போலீஸ் மறித்தால் பாஸோடு லேப் சாவிக்கொத்தையும் ஆட்டிக் காட்டுவாராம்.

பியூரெட் ஸ்டாண்டில் தன் போனைக் குப்புறக் கட்டிவிட்டு டைட்ரேஷன் செய்வார். நான் இங்கிருந்து பேசுவேன். "சொட்டு சொட்டா வுடச் சொல்லுங்க மேடம், அவசரப்பட்டா கலர் ஓடிடும்" என்று நடுவில் எனக்கே பாடம் எடுப்பார்.

ஒரு நாள் கேட்டார்.

"மேடம், கடசில ஒரே ஒரு தடவ போன எம் பக்கம் திருப்பட்டுமா? பொண்ணு பக்கத்து வூட்டு போன்ல பாத்துக்கினு இருக்குது."

"அதெல்லாம் வேணாண்ணே, இது கிளாஸ்... பசங்க சிரிப்பாங்க."

"செரிங்க மேடம்."

அவ்வளவுதான். திருப்பியிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்குமா? என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எல்லா வீடியோவையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எதிலும் முகம் இல்லை. கை மட்டும்... சில்வர் நைட்ரேட் பட்டுக் கறுத்த விரல்கள், பிளந்த கட்டைவிரல் நகம்.

அன்றைய வீடியோவின் கடைசியில், நான் பேசி முடித்த பிறகு, அந்தக் கை போனைப் பார்த்து மெதுவாக டாட்டா காட்டுகிறது. இத்தனை வருஷத்தில் இன்றுதான் அதைப் பார்க்கிறேன்.

அவளைக் கூப்பிட்டேன். முகம் இல்லம்மா... கைதான் இருக்கு என்றேன்.



"டாட்டா காட்டுவாரே... அது இருக்குதா மேடம்?"

"இருக்கும்மா."

"அத அனுப்புங்க."

அனுப்பிவிட்டேன். பேனருக்கு ஆதார் படம்தான் போடுகிறார்களாம். சாயங்காலம் எடுக்கிறார்கள், நான் கிளம்புகிறேன்.

பழைய பேட்ச் பசங்களே, அவர் முகம் தெரிகிற படம் யாரிடமாவது இருந்தால் உடனே அனுப்புங்கள்.

அண்ணே... மன்னிச்சிடுங்க. போய் வாங்க.