ஒற்றை ஆள் மிஷின்

எனக்கு வயது எழுபத்தாறு. ஏழு பெற்றேன், ஐந்தை வளர்த்து ஆளாக்கினேன். ஒரு பிள்ளையையும் அடுத்த வீட்டுச் சோற்றுக்கு அனுப்பியதில்லை. பம்பாய்க்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் போனது ரயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களே, அதுதான். தாராவியில் நாங்கள் வரிசையில் நின்று, சண்டை போட்டு, பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வருவோம். செம்பூரில் கம்பெனி பங்களாக்களுக்கு நடுவே, ஆடு மாடு வாய் வைக்காத புல்லுக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் ஓடும். அதை வளர்ப்பார்கள், வெட்டுவார்கள், வெட்டியதைக் குப்பையில் கொட்டுவார்கள். ஒரு கட்டுப் புல்லுக்காக அடுத்தவன் வேலி தாண்டி உதை வாங்கியவள் நான். ஊருக்குப் போனபோது இதைச் சொன்னேன். "ஏட்டி, பொய்யும் பொருந்தச் சொல்லணும்" என்று சிரித்தார்கள். லான் என்று அதற்குப் பெயர். அந்த லானை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

எங்கள் வீட்டுக்காரர் முதலில் தாராவியில் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வேலை பார்த்தார். நெஞ்சு கெட்டது. தோட்ட வேலை லேசு என்று யாரோ சொல்ல, செம்பூருக்குப் போனார். லேசு என்று சொன்னவன் அந்தப் புல் வெட்டும் மிஷினைப் பார்த்திருக்கமாட்டான். இரண்டு பக்கம் இரும்புச் சக்கரம், நடுவில் முறுக்கு மாதிரி வளைந்த கத்திகள் ஒரு உருளையில் சுற்றும், அடியில் அசையாத ஒரு பிளேடு. மேல்கத்தியும் அடிப்பிளேடும் உரசினால்தான் புல் வெட்டுப்படும். வெள்ளைக்காரன் காலத்து மிஷின் அது. பின்னாலிருந்து ஒருவர் தள்ளவேண்டும், முன்னால் ஒருவர் கயிறு கட்டி இழுக்கவேண்டும். தள்ளியது அவுக, என் வீட்டுக்காரர். இழுத்தவன் கணபத். ரத்னகிரிப் பக்கத்து மராட்டியன், பெண்சாதி பிள்ளைகளோடு செம்பூரிலேயே குடிசையில் இருந்தான். அவுகளை அண்ணா என்பான், என்னை வைனி என்பான். வைனி என்றால் அவர்களுக்கு அண்ணி. அவுகளுக்கு இருமல் வந்தால் கணபத் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து கைப்பிடியை வாங்கிக்கொள்வான். முகாதம், அதாவது மேஸ்திரி, அந்தப் பக்கம் வந்தால் கணபத் முந்திக்கொண்டு தானே இருமுவான். "எனக்குத்தான் சார் தொண்டையில் புல்" என்பான். நான் கஞ்சி கொண்டுபோகிற மத்தியானங்களில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

சீனாக்காரனோடு சண்டை முடிந்த சமயம். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. மிஷினின் கத்தி மழுங்கி, உருளை ஆட்டம் கண்டு, புல்லை வெட்டாமல் மென்று துப்பியது. வெட்டின மறுநாள் லான் முழுக்க நுனி வெளுத்துக் கிடக்கும். குர்லா பட்டறைக்காரன் பார்த்துவிட்டு, புது பிளேடு இல்லாமல் தொடமாட்டேன் என்றான். அடுத்த புதன்கிழமை கம்பெனியின் பெரிய சாகிப் வீட்டில் விருந்து. முகாதம் வந்து நின்று, "மிஷினில் குறையில்லை, ஆளில்தான் சத்தில்லை. புதனுக்குள் லான் சரியாகாவிட்டால் உங்கள் இரண்டு பேருக்கும் பதில் இரண்டு பயில்வான் வருவான்" என்றான். அவுக வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு வேறு எந்த வாசலில் போய் நிற்பது?

எனக்கு மிஷின் தெரியாது. தீட்டுவது தெரியும். என் அய்யா பனையேறி. வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லைப் பொடித்துப் பலகையில் தூவி, பாளை சீவுகிற அரிவாளை மயிர் இறங்கத் தீட்டுவார். அந்தக் கல்லைப் பொடிக்கிற வேலை சின்னதில் என்னுடையது. செம்பூர் மலையடியில் கல் உடைக்கிற இடத்துக்குப் போனேன். கருங்கல்லுக்குள் வெள்ளை வெள்ளையாக முட்டை மாதிரி இருக்கும். ஒவ்வொன்றையும் உடைந்த பாட்டில் மேல் கீறிப் பார்த்தேன். கண்ணாடியைக் கீறாத கல் வேண்டாம், கீறின கல்லை மடியில் கட்டினேன். இடித்து, வேட்டித் துணியில் சலித்து, விளக்கெண்ணெயில் குழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்தோம். உருளையின் ஆட்டத்துக்குத் தோல் ஷாப்பிலிருந்து எருமைத்தோல் துண்டு வாங்கி, எண்ணெயில் ஊறப்போட்டு, வட்டமாக வெட்டி இரண்டு முனையிலும் இறுக்கினோம். ஒரு சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் பழைய தையல் மிஷின் கைப்பிடியை மாட்டினோம். நான் கத்தியில் பொடியைத் தடவ, கணபத் உருளையைப் பின்பக்கமாகச் சுற்றினான்; மேல்கத்தியும் அடிப்பிளேடும் ஒன்றையொன்று தீட்டிக்கொண்டன.

"வைனி, இது என்ன பூசை? தேங்காய் உடைக்கணுமா?" என்றான் கணபத்.

"பேசாம சுத்தும். உம்ம வாய் சுத்துற மாதிரி கை சுத்தினா எப்பமோ முடிஞ்சிருக்கும்" என்றேன். அவுக அதை இந்தியில் சொன்னார்கள். சிரித்துச் சிரித்து அவுகளுக்கு இருமல் வந்துவிட்டது.

சாயந்திரம் பொடியைத் துடைத்து, திருகை இறுக்கி, பேப்பர்த் துண்டு ஒன்றைக் கத்திக்கு நடுவே கொடுத்துச் சுற்றினோம். சத்தமே இல்லாமல் இரண்டாக விழுந்தது. கணபத் அந்தத் துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் நான் கஞ்சியோடு போகையில் முகாதம் லானில் நின்றுகொண்டிருந்தான். மிஷின் போன வழியெல்லாம் பாய் விரித்த மாதிரி இருந்தது. யார் செய்தது என்று கேட்டான். கணபத் என்னைக் கைகாட்டினான். அந்த நேரம் என் தலைக்குள் என்ன ஏறிற்றோ. கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். சேலையை இழுத்துச் சொருகினேன். கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு, நான் ஒருத்தியாக அந்த மிஷினை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை தள்ளிக்கொண்டு போனேன். திரும்பி வந்து எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: "ஏக் ஆத்மி பஸ். ஔரத் பீ சலாத்தா." ஒரு ஆள் போதும், பொம்பளைகூட ஓட்டுவாள். என் வீட்டுக்காரருக்குச் சத்தில்லை என்று இனிமேல் நீ சொல்லக்கூடாது என்பதுதான் என் மனசில் இருந்தது. அதைச் சொல்ல என்னிடம் இந்தி இல்லை. முகாதத்துக்கு எட்டினது நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தைதான்.

விருந்து முடிந்த மறுநாள் கணபத்தை நிறுத்திவிட்டார்கள்.

அவுக முகாதத்திடம் கெஞ்சினார்கள். "உன் பெண்டாட்டிதானே சொன்னாள்?" என்றானாம். கணபத் தன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவுக என்னிடம் பத்து நாள் பேசவில்லை. பிறகு ஒருநாள், "ஏட்டி, இருமல் வந்தா யாருகிட்ட கைப்பிடிய குடுக்கது?" என்று மட்டும் கேட்டார்கள். மூன்றாம் மழைக்காலத்தில், லானில் பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும் இருக்க, அவுக மிஷின் மேலேயே கவிழ்ந்து உயிரை விட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பதினேழாம் நாள் அந்தக் கைப்பிடியை நான் பிடித்தேன். ஓட்டிக்காட்டியவள்தானே என்று முகாதம் மறுப்புச் சொல்லவில்லை. என் ஐந்து பிள்ளைகளும் அதில்தான் வளர்ந்தார்கள்.

மதராசிகளே திரும்பிப் போங்கள் என்று சுவரில் எழுதுகிற காலமும் வந்தது. எங்கள் பிழைப்பைப் பிடுங்கினீர்கள் என்றார்கள் மராட்டியர்கள். தாராவிச் சனமெல்லாம் அதைப் பொய் என்றது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த நாளில்தான் குர்லா ஸ்டேஷன் பாலத்தில் கணபத்தைப் பார்த்தேன். தலையில் மூட்டை. எனக்கு ஒதுங்கிப் போகத் தோன்றியது. அவனே, "வைனி!" என்று மூட்டையை இறக்கினான். "அண்ணா கஸா ஆஹே?" எப்படி இருக்கிறார் என்று கேட்டான். நான் வானத்தைக் காட்டினேன். கணபத் அப்படியே படியில் உட்கார்ந்தான். "நான் இருந்திருந்தால் கைப்பிடியை வாங்கியிருப்பேன்" என்றான். குத்திச் சொல்லவில்லை. மெய்யாகவே சொன்னான். மன்னிப்புக் கேட்க அவன் பேச்சு தெரியாமல் நான் கும்பிட்டேன். அவன் அதை விடைபெறுகிறேன் என்று எடுத்துக்கொண்டு, திருப்பிக் கும்பிட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான். என்னை எந்த ஊர்க்காரி என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் எனக்கு அந்தப் பாலந்தான் கண்ணில் வருகிறது. இந்தப் பக்கம் ரயில் ஏறினால் என் ஊருக்குப் போகலாம், அங்கே எனக்கு வீடு இல்லை. அந்தப் பக்கம் இறங்கினால் என் வீடு, அது கணபத்தின் மண்.

பேத்தி வள்ளி, இதுவரைக்கும் நான் எழுத்துக்கூட்டி எழுதியதை ஒருதரம் மெதுவாக வாசி, அம்மா. எழுத்துப் பிழை இருந்தால் போகட்டும். கணபத் பாலத்தில் நிற்கிற இடம் வந்ததும் நிறுத்தி, என் கும்பிடுக்கான வார்த்தையை நீ பள்ளிக்கூடத்தில் படிக்கிற அந்த மராத்தியில் ஒருதரம் சொல்லு. அன்றைக்கு நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று கேட்டுப் பார்க்கிறேன்.