அண்ணன் வண்ணம் அடித்த காடு

புத்தகத்திலிருந்து எடுத்த படத்துக்கு என்னைக் கூட்டிப்போகக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சொன்ன தீர்ப்பு. பக்கத்தில் உட்கார்ந்து, இது கதையில் இல்லை, அது கதையில் வேறு மாதிரி என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தாலும் வாயை மூட மாட்டேன். என்னைச் சொல்லியும் குற்றமில்லை. நான் பார்க்கிற வேலை அப்படி. அருள்புரத்தில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், விரலகலத் துணி ஒன்றை அனுப்புவார். அதே நிறத்தை நாங்கள் ஒரு துண்டில் ஏற்றி, விளக்குப் பெட்டிக்குள் இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்ப்போம். பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு மஞ்சள் பல்பு என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்த்து, எதிலும் பிசகவில்லை என்றால்தான் பாஸ். நாள் முழுக்க அசலையும் நகலையும் உற்றுப் பார்த்துவிட்டு, தியேட்டருக்குள் போனதும் கண்டும் காணாமல் இரு என்றால் என்னால் முடியுமா?

அண்ணன் எனக்கு நேர் எதிர். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். படத்தில் என்ன மாற்றினாலும் கோபப்பட மாட்டார். ஒரே டிக்கெட்டில் இன்னொரு கதையும் கிடைத்தது என்று சந்தோஷப்படுவார். என்னோடு படத்துக்கு வரத் துணிந்த ஒரே ஆள் அவர்தான்.

சென்ற வருடம் எங்கள் காமிக்ஸ் ஒன்று படமாக வந்தது. எங்கள் காமிக்ஸ் என்று உரிமையோடு சொல்கிறேனே தவிர, அது எந்த நாட்டுச் சரக்கோ. சின்ன வயதில் அண்ணன் பழைய பேப்பர் கடையில் கிலோக் கணக்கில் எடைபோடக் கிடந்த குவியலிலிருந்து பொறுக்கிவந்தது. உள்ளங்கை அளவு, சாணித்தாள், கறுப்பு வெள்ளை, தமிழ். விண்கலம் ஒன்று வேற்றுக்கிரகத்துக் காட்டில் விழுந்து நொறுங்கும். பிழைத்த ஒருவர், வளவளவென்று பேசும் ஒரு எந்திரத்தோடு அந்தக் காட்டைக் கடக்க வேண்டும். காடு இரும்பைத் தின்னும். கடைசியில் அந்த எந்திரத்தையே தின்றுவிடும். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நான் அழுவேன்.

எனக்கு எழுத்துக்கூட்டத் தெரிவதற்கு முன்பே அண்ணன் அந்தப் புத்தகம் முழுவதற்கும் கிரேயானால் வண்ணம் அடித்திருந்தார். யாரோ பாதி தேய்த்துக் கொடுத்த கிரேயான்கள். பேர் போட்ட காகிதமெல்லாம் உரிந்துபோனவை. வானத்துக்கு நீலம், எந்திரத்துக்கு மஞ்சள், காட்டுக்கு நல்ல பழுப்பு. ஓர் இலையைக்கூட விடாமல் பழுப்பு. வேற்றுக்கிரகத்தில் காடு பழுப்பாக இருப்பதில் என்ன அதிசயம்? அதை அண்ணன் அடித்தது என்றே நான் நினைக்கவில்லை. கதையே அப்படித்தான் என்று நம்பி வளர்ந்தேன்.

படம் வந்த சமயத்தில் அண்ணனுக்கு ஒரு நல்ல காலம் பிறந்திருந்தது. மெஷினுக்கு அடியில் படுத்தே முதுகு போய்விட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தவரை, கம்பெனியில் ஃபேப்ரிக் இன்சார்ஜ் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். சாயம் ஏறி வரும் துணி ரோல்களைப் பையர் ஒப்புக்கொண்ட துண்டோடு ஒப்பிட்டு, சரியென்றால் கட்டிங்குக்கு அனுப்ப வேண்டும். நிறம் தப்பியிருந்தால் திருப்ப வேண்டும். ஏறக்குறைய என் வேலை. தனி அறை, நாற்காலி, ஃபேன். திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிறு மேட்னிக்குப் போனோம். டிக்கெட் அவர் எடுத்தார், கொண்டாட்டம் என்று.

படத்தில் நான் எதிர்பார்த்ததைவிடக் கைவைத்திருந்தார்கள். முதல் பக்கத்திலேயே செத்துப்போகும் கேப்டன் இடைவேளை வரை தாக்குப்பிடித்தார். வாயாடி எந்திரத்தை ஊமையாக்கி, ஒரே ஒரு விளக்கை மட்டும் கொடுத்திருந்தார்கள். முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் காடு அதைத் தின்னும்போது அந்த விளக்கு அணைந்து அணைந்து எரிந்ததே, அப்போது புத்தகத்துக்கு அழுததைவிடக் கூடுதலாக அழுதேன். மாற்றியும் எப்படி அதே இடத்தில் அழவைத்தார்கள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தில் இல்லாத சத்தம் ஒன்றும் இருந்தது. இரும்பை மெல்லும் சத்தம். அதைக் கேட்ட பிறகு, அது இல்லாமல் அந்தப் பக்கங்களை எப்படிப் படித்தோம் என்றிருந்தது.

என்னால் பொறுக்க முடியாதது காட்டின் நிறம்தான். பச்சை. நம் வால்பாறைப் பக்கம் பார்ப்போமே, அந்த மாதிரி இருண்ட பச்சை. படம் முடிந்து பேக்கரியில் டீ குடிக்கும்போது பொரிந்து தள்ளினேன். வேற்றுக்கிரகத்தைக் காட்டச் சொன்னால் பக்கத்து மலையில் போய் எடுத்துவந்துவிட்டார்கள், செலவு மிச்சம் என்று.

அண்ணன் வடையைப் பிய்த்துக்கொண்டே சிரித்தார்.

"மத்ததுக்கெல்லாம் திட்டு, ஒத்துக்கறேன். காட்டை மட்டும் திட்டாத அம்முணி. நம்ம புஸ்தகத்துல நான் அடிச்சிருந்தனே, அச்சு அசலா அதே கலருதான்."

கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கிண்டல் இல்லை. என் கைப்பையில் எப்போதும் லேப் துண்டுகள் கிடக்கும். ஒரு பழுப்பும் ஓர் இருண்ட பச்சையும் எடுத்து மேஜையில் வைத்து, இது எப்படி என்று சாதாரணமாகக் கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதானே, இது மட்டும் கொஞ்சம் டார்க் என்றார். சொல்லிவிட்டு, என்னிடம் பாஸாகிவிட்டவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அண்ணனுக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நினைத்துப் பார்த்தால் எல்லாமே கண்முன்தான் நடந்திருந்தது. அவருக்குச் சட்டை எடுப்பது முன்பு அம்மா, இப்போது அண்ணி. சிக்னலில் எந்த விளக்கு மேலே எரிகிறது, எது கீழே எரிகிறது என்று பார்த்தே வண்டி ஓட்டிவிடலாம். மெஷினுக்கு நட்டும் போல்ட்டும் சரியாக இருந்தால் போதும், நிறம் தேவையில்லை. நிறத்தை வைத்தே பிழைக்கிற ஊரில், நிறம் கேட்காத ஒரே மூலையில் அவர் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தார். நாளைக்குத்தான் அந்த மூலையை விட்டு வெளியே வரப்போகிறார். ஒரு ரோல் தப்பிப் போனால் தைத்த மொத்தமும் ரிஜெக்ட். பழி அவர் தலையில் விழும்.

யாரிடமும் வாயடக்கம் இல்லாத எனக்கு அன்றைக்குப் பார்த்து வாயே திறக்கவில்லை. அவர்தான் என்ன என்று கேட்டார்.

"அண்ணா, இது பழுப்புங்ணா. இது பச்சை. உங்க புஸ்தகத்துல காடு பூரா பழுப்புங்ணா."

அவர் அந்தத் துண்டுகளைக் கையில் எடுத்து, வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்து, துண்டுகளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, நாளைக்கு முதலில் கண் டாக்டர், அப்புறம் கம்பெனி என்றார். எனக்கு அந்தப் படத்தை எடுத்தவர்கள் மேல்கூட ஆத்திரம் வந்தது.

டாக்டர் புள்ளிப் புள்ளியாக இருந்த அட்டைகளைக் காட்டி எண்ணைப் படிக்கச் சொன்னார். பல அட்டைகளில் அண்ணனுக்கு எண்ணே தெரியவில்லை. பிறவியிலேயே இருப்பது, பயப்பட ஒன்றுமில்லை, மருந்தும் இல்லை என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் மேனேஜர் நல்ல மனுஷர்; நிறம் பார்க்கப் பக்கத்தில் ஒரு பெண்ணை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்றாராம். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. என் கண்ணை நம்பிக் கையெழுத்துப் போட எனக்கே தைரியமில்லை என்று சொல்லிவிட்டு, பழைய இடத்துக்கே போய் மெஷினுக்கு அடியில் படுத்துவிட்டார். அந்த நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார். அதன் பிறகு அண்ணன் சினிமாப் பேச்சையே எடுக்கவில்லை. அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

நான் சும்மா இருக்கிற ஆளில்லை. அசல் என்று ஒன்று இருக்கும்போது அதைப் பார்க்காமல் எப்படி விடுவது? அந்தக் கதை முதலில் வெளிவந்த நாட்டில் கலரில்தான் அச்சாகியிருக்கிறது என்று தெரிந்தது. ஃபோன் திரையில் தெரியும் நிறத்தை நான் நம்ப மாட்டேன். புத்தகத்தையே வரவழைத்தேன். பார்சல் லேபுக்கு வந்தது. அண்ணியிடம் சொல்லி அந்தப் பழைய சாணித்தாள் புத்தகத்தையும் கேட்டு வாங்கியிருந்தேன். மதிய சாப்பாட்டு நேரத்தில் இரண்டிலும் ஒரே பக்கத்தைப் பிரித்து, விளக்குப் பெட்டிக்குள் ஒட்டி வைத்து, பகல் வெளிச்சத்தைப் போட்டேன்.

அசலில் காடு பழுப்பு.

கடை விளக்கைப் போட்டேன், மஞ்சள் பல்பைப் போட்டேன். பழுப்புதான். அசலில் சிவப்பு ஒரு சொட்டுத் தூக்கல், கிரேயானில் கொஞ்சம் மங்கல். இதைவிட மோசமானதையெல்லாம் பையர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெட்டியின் முன்னால் நின்று அழுதுவிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் அந்தக் கலர்ப் பக்கத்தைப் பார்த்ததும், படத்தில் வந்த அதே பச்சைதானே என்று சோர்ந்த குரலில் கேட்டார். இல்லீங்ணா, இது நீங்கள் அடித்த பழுப்பு என்றேன். நம்பவில்லை. அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவரும் பார்த்துவிட்டுப் பழுப்புங்க என்றார்.

அண்ணன் இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆனா நான் பச்சைன்னு நெனச்சுத்தான அடிச்சேன் அம்முணி. அதெப்படிச் சரியாகும்?"

"எங்க லேப்ல யாரு என்ன நெனச்சுச் சாயம் போட்டாங்கன்னு கேக்க மாட்டோங்ணா. வந்த கலரத்தான் பாப்போம். உங்களுது பாஸ்."

அவர் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அப்ப அந்தப் படம்?"

"ரிஜெக்டுங்ணா."

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அண்ணன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.