வால்டர் பிஷ்கோ பிடித்த கம்பம்

வார நாட்களில் வால்டர் பிஷ்கோ பள்ளிப் பேருந்து ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணி உள்ளூரில் ஆடும்போது மைதான ஓரத்தில் சங்கிலிக் கம்பம் பிடிப்பார். நாலு முயற்சிக்குள் பந்தைப் பத்து கஜம் நகர்த்தினால்தான் அது அணியின் கையில் நிற்கும். அந்தப் பத்து கஜத்தை அளப்பது, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய சங்கிலி. பந்து எட்டித் தொட வேண்டிய முன்கம்பம் வால்டருடையது.

வேலைக்கு ஒரே நிபந்தனை: கை தட்டக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. ஏரிக்கரையிலுள்ள அந்த ஊரில் பிறந்து, அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியே வளர்ந்த மனிதருக்கு இது லேசான காரியமில்லை. வெளியூர் ஆட்டம் தொலைக்காட்சியில் ஓடும்போது அவர் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். உள்ளூர் ஆட்டத்தில் வாயே திறக்க மாட்டார். மனைவி லொரெய்ன் மேல்வரிசையில் உட்கார்ந்து இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கத்துவாள்.

அந்தப் பருவம் தோல்வியில்தான் தொடங்கியது. பிறகு பந்தெறியும் மூத்த ஆட்டக்காரனுக்குத் தோள் விலக, யாரும் பேர் கேட்டிராத ஒருவன் இறங்கினான். அவன் வந்த ராசியோ என்னவோ, அடுத்தடுத்து வெற்றி. பேக்கரிக்காரர்கள் பன்னுக்குக்கூட அணியின் நீலத்தைப் பூசி விற்றார்கள். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் அடுத்த சுற்று என்று வந்து நின்றது.

அன்று நல்ல பனி. ஆட்டம் முடியும் தறுவாயில், பின்தங்கியிருந்த ஊர் அணி நாலாவது முயற்சியில் பந்தோடு குவியலாக விழுந்தது. பத்து கஜம் ஆயிற்றா என்று அளக்க நடுவர் சங்கிலியைக் கூப்பிட்டார். வால்டர் கம்பத்தோடு உள்ளே ஓடினார். மண்டியிட்டிருந்த ஊர் ஆட்டக்காரன் ஒருவன், தாடியெல்லாம் பனி ஒட்டியிருக்க, தலை நிமிராமலே முணுமுணுத்தான்.

"அண்ணே, நீங்க நம்மூருதானே. லேசா இந்தப் பக்கம் சாச்சுப் புடிங்க."

வால்டர் கம்பத்தை ஊன்றினார். சங்கிலி விறைத்தது. பந்தின் மூக்குக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி. நடுவர் எதிரணிப் பக்கம் கையைக் காட்டினார். பருவம் அத்தோடு முடிந்தது. மேலிருந்து பறந்து வந்த பனியுருண்டைகளில் ஒன்று வால்டரின் பிடரியில் பட்டு உடைந்தது.

வெள்ளிக்கிழமை மதுக்கடையில் எல்லோரும் பொரித்த மீன் சாப்பிடக் கூடியிருந்தார்கள். லொரெய்னின் தம்பி டெரில் எழுந்து நின்றான்.

"வாங்க மச்சான். கம்பத்த எங்க விட்டுட்டு வந்தீங்க? என் தட்டுல மீனு ஒரு விரல் கொறையுது, அளக்கணும்."

கடையே சிரித்தது.

"வாய மூடிட்டுத் தின்னுடா," என்றாள் லொரெய்ன். "பந்தக் கோட்டை விட்டவன்கிட்டப் போய்க் கேளு. கம்பம் புடிச்சவர்கிட்ட என்ன கேள்வி?"

டெரிலின் முகம் மாறியது. "நடுவரு பந்த வெக்கிறதே குத்துமதிப்பாத்தான் அக்கா. அதுல இவருக்கு மட்டும் எதுக்கு அவ்ளோ நேர்மை?"

அதே கேள்வி வால்டருக்குள்ளும் இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு டெரில் வீட்டுப் பக்கம் வரவில்லை.

வசந்தத்தில் அந்தப் பந்தெறிபவனை வேறு ஊர் அணி தட்டிக்கொண்டு போனது. ஊரின் கோபம் அணியின் முதலாளி மேல் திரும்பியது. கோடையில் டெரில், புல்வெட்டும் இயந்திரத்தை இரவல் வாங்க வந்தான். அதை வண்டியில் ஏற்றிவிட்டுக் கேட்டான்.

"உண்மையச் சொல்லுங்க மச்சான். சாய்க்கணும்னு தோணவே இல்லையா?"

"தோணுச்சு. கையும் கொஞ்சம் போச்சு."

"போனப்ப?"

"சாச்சதும் கம்பம் பந்துல பட்டுச்சு. நடுவரு இன்னும் குனியல. நிமித்திட்டேன்."

டெரில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். கேட்டதை மதுக்கடையில் யாரிடமும் சொல்லவில்லை. இலையுதிர்காலத்தில் கம்பம் பிடிக்க வால்டரையே மறுபடியும் கூப்பிட்டார்கள். அந்த வருஷம் அளக்கிற அளவுக்கு நெருக்கமாக ஒரு ஆட்டமும் வரவில்லை. அணி எல்லாவற்றிலும் தெளிவாகத் தோற்றது.