ஜெர்மன் வண்டியின் கதவு

பெட்டியை எடை போடுவதில் எங்கள் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. சித்தி கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பிய அந்த வெள்ளிக்கிழமை, விடிந்ததிலிருந்து பெட்டியைத் தராசில் ஏற்றுவதும், ஒரு பால்பவுடர் டின்னை வெளியே எடுப்பதும், மனசு கேட்காமல் மறுபடி உள்ளே திணிப்பதுமாக இருந்தாள். சாயங்காலம் பிளைட். அப்பாவின் பாஸ்போர்ட்டோ இன்னும் முதலாளியின் மேஜைக்குள் இருந்தது.

அப்பா ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கேரேஜில் டென்டிங் போர்மேன். பாலைவனத்தில் எடுக்கப்போகும் ஏதோ யுத்தப் படத்துக்காக இரண்டு ஜெர்மன் ராணுவக் கார்கள் அங்கே தயாராயின. ஒன்று நிஜம். அந்தக் காலத்து யுத்தத்துக்கே போய்வந்து, இப்போது கப்பலேறி வந்திருந்தது. மற்றது, பழைய பிக்கப்பின் மேல் தகடு வளைத்து அப்பாவின் ஆட்கள் செய்த டூப்ளிகேட். டூப்ளிகேட்டில் குண்டு துளைத்ததுபோல ஓட்டை போட வேண்டும். நிஜ வண்டியில் எஞ்சினைத் தவிர எதையும் தொடக் கூடாது. உத்தரவு என்னவோ அதுதான். நசுங்கி வந்த கார்களையெல்லாம் மணப்பெண் மாதிரி ஆக்கி அனுப்பியே பழகிய கைகள் சும்மா இருக்குமா? நிஜ வண்டியின் கதவிலிருந்த ஓட்டைகளைப் புட்டிப் பசையால் அடைத்து, தேய்த்து, பெயிண்டும் அடித்துவிட்டார்கள். படக் கம்பெனி ஆள் வந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம்.

“ஓட்டை வாபஸ் வரணும் பாய். அப்புறம்தான் லீவு, கலாஸ்” என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார் முதலாளி.

அப்பாவை நேரத்துக்குக் கிளப்பிக்கொண்டு வரும் பொறுப்பைக் கொடுத்து, அம்மா என்னையும் அவரோடு அனுப்பினாள். எனக்கு அப்போது எட்டு வயது. பொறுப்பு தலைக்கேறிவிட்டது. நிஜ வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “டைம் ஆகுதுப்பா” என்று நொடிக்கொரு தரம் நச்சரித்தேன். அப்பா வெளியே குந்தியபடி என் பக்கத்துக் கதவிலிருந்து புட்டியைச் சுரண்டினார். ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, வெயில் உள்ளே வந்து என் வயிற்றிலும் மடியிலும் பொட்டுப் பொட்டாக விழுந்தது. கடைசி ஓட்டையும் திறந்தாயிற்று.

டூப்ளிகேட்டில் இரண்டு பக்கக் கதவிலும் ஓட்டை போட்டிருந்தார்கள், குண்டு இப்படி நுழைந்து அப்படிப் போனதுபோல.

“அந்த சைடு டோரும் பண்ணணுமா?” என்று பதறிக் கேட்டேன்.

அப்பா எழுந்து போய் மறுபக்கக் கதவை உள்ளும் புறமும் தட்டிப் பார்த்தார். அதில் புட்டியே இல்லை. எந்தக் காலத்திலும் ஓட்டை இருந்த தகடாகவும் தெரியவில்லை. வேலை பாதியாகக் குறைந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். நுழைந்த குண்டுகளெல்லாம் எங்கேதான் போயின என்று நான் யோசிக்கவேயில்லை.

அப்பா திரும்பி வந்து, என்மேல் விழுந்திருந்த வெயிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எறங்கு புள்ள” என்றார்.

நேரே குழாயடிக்கு இழுத்துப் போனார். தொட்டித் தண்ணீர் வெயிலில் காய்ந்து சுட்டது. உடுத்தியிருந்த புதுக் கவுனோடு என் தலையில் ஒரு வாளி ஊற்றி, தன் தலையிலும் ஊற்றிக்கொண்டார். நேரமாகிற நேரத்தில் இதென்ன கூத்து என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட வீட்டு வாசலில் போய் நின்றோம்.

“கல்யாணத்துக்குக் கெளம்புற நாளும் அதுவுமா என்னங்க இது?” என்றாள் அம்மா.

“புட்டித் தூசி” என்றார் அப்பா.

பிளைட்டைப் பிடித்துவிட்டோம். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் அப்பா மணமேடைப் பக்கமே போகவில்லை; பந்தலுக்கு வெளியிலேயே நின்றார், என் கையையும் விடவில்லை. துக்க வீட்டுக்குப் போய்வந்தவர்கள் அப்படித்தான் ஒதுங்கி நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. அன்று வண்டியில் உட்கார்ந்து நச்சரித்ததற்கான தண்டனை என்று நினைத்து, லீவு முடியும்வரை அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.